அயர்ன்மேன் கடிகாரமும் பிறந்த தேதியும்: வயது எங்கே அடிக்கிறது, எங்கே விட்டுவைக்கிறது?

2025 நவம்பரில் கோவாவில் நடந்த அயர்ன்மேன் 70.3 போட்டியை பாஜகவின் அண்ணாமலையும் தேஜஸ்வி சூர்யாவும் முடித்த செய்தி வந்தபோதுதான் தமிழ்நாட்டில் பலர் டிரையத்லான் (நீச்சல், சைக்கிள், ஓட்டம் மூன்றும் சேர்ந்த போட்டி) என்ற சொல்லையே கவனித்தார்கள். அதற்குச் சில மாதங்கள் முன்பு, 2025 ஜூலையில், இந்தப் போட்டிகளை நடத்தும் நிறுவனம் உலகச் சாம்பியன்ஷிப்புக்கான தகுதி விதியை மாற்றியிருந்தது. புதிய விதிப்படி, பத்து மணி நேரத்தில் முடித்த 33 வயதுக்காரரையும் பன்னிரண்டு மணி நேரத்தில் முடித்த 62 வயதுக்காரரையும் ஒரே பட்டியலில் வைத்து ஒப்பிடலாம். அந்தப் பட்டியலில் மூத்தவர் முன்னால் இருக்கவும் கூடும்.

இரண்டு மணி நேரம் பின்தங்கியவர் எப்படி முன்னால் வருவார் என்பது நியாயமான கேள்விதான். அதற்குப் பதில் சொல்ல, இவ்வளவு நீளமான போட்டியில் ஒருவரின் நேரத்தை எது தீர்மானிக்கிறது, அதில் வயதின் பங்கு எவ்வளவு என்று பார்க்க வேண்டும். இங்கே பேசப்போவது காசுக்காக ஓடும் தொழில்முறை வீரர்களைப் பற்றி அல்ல. வேலை, குடும்பம், வீட்டுக்கடன் எல்லாவற்றுக்கும் நடுவே விடியற்காலையில் பயிற்சி செய்யும் அமெச்சூர்களைப் பற்றி. வயதுப் பிரிவில் போட்டியிடுவதால் அவர்களை ஏஜ்-குரூப்பர்கள் என்பார்கள்.

தூரமும் கெடுவும்

முழு அயர்ன்மேன் என்றால் 3.8 கிலோமீட்டர் நீச்சல், 180 கிலோமீட்டர் சைக்கிள், அப்புறம் 42.2 கிலோமீட்டர் ஓட்டம், அதாவது ஒரு முழு மாரத்தான். இடையில் ஓய்வு கிடையாது. உடை மாற்றும் நேரமும் கணக்கில் சேரும். பொதுவாக 17 மணி நேரத்துக்குள் முடிக்க வேண்டும். கோவாவில் நடப்பது இதன் பாதி: 1.9, 90, 21.1 கிலோமீட்டர், கெடு எட்டரை மணி நேரம். மொத்தத் தூரம் மைலில் 70.3 வருவதால்தான் அந்தப் பெயர்.

முதல் போட்டி 1978 பிப்ரவரி 18 அன்று ஹவாயின் ஓவாஹு தீவில் நடந்தது. 15 பேர் புறப்பட்டு 12 பேர் முடித்தார்கள். வென்ற கார்டன் ஹாலர் எடுத்துக்கொண்ட நேரம் 11 மணி 46 நிமிடம் 58 விநாடி. இன்று அந்த நேரத்தைத் தாண்டி வேகமாக முடிக்கும் ஐம்பது வயதுக்காரர்கள் ஏராளம். 1981-இல் போட்டி ஹவாயின் பெரிய தீவில் உள்ள கோனாவுக்கு மாறியது. உலகச் சாம்பியன்ஷிப் பெரும்பாலும் நடப்பது அங்கேதான் என்பதால் 'கோனா போகணும்' என்பது இந்த வட்டாரத்தில் ஒரு நேர்த்திக்கடன் மாதிரி.

பங்கேற்பவர்கள் 18-24, 25-29, 30-34 என்று ஐந்தைந்து வயதுப் பிரிவுகளாகப் பிரிக்கப்படுகிறார்கள். முன்பு ஒவ்வொரு பிரிவிலும் எத்தனை பேர் கலந்துகொள்கிறார்களோ அந்த விகிதத்தில் கோனா இடங்கள் பிரிக்கப்பட்டன. ஆள் அதிகமுள்ள பிரிவுக்கு இடமும் அதிகம். புதிய முறையில் ஒவ்வொரு பிரிவின் முதலிடத்துக்கு நேரடி வாய்ப்பு உண்டு. மீதி இடங்களுக்கு எல்லாருடைய நேரமும் ஒரு வயதுக் காரணியால் பெருக்கப்படுகிறது. கோனாவில் முந்தைய ஆண்டுகளில் ஒவ்வொரு பிரிவிலும் முதல் 20 சதவீதத்துக்குள் வந்தவர்களின் நேரத்தை வைத்து அந்தக் காரணி கணக்கிடப்பட்டது. புரிவதற்காக ஒரு கற்பனை எண்ணை எடுத்துக்கொள்வோம். 62 வயதுக்காரரின் காரணி 0.82 என்றால் அவருடைய 12 மணி நேரம் 9 மணி 50 நிமிடமாக மாறிவிடும். 33 வயதுக்காரரின் காரணி 1 என்றால் அவருடைய 10 மணி நேரம் அப்படியே நிற்கும். (ஆண்கள், பெண்கள் இடங்களை எப்படிப் பிரிப்பது என்பது பற்றி எழுந்த விவாதம் தனிக் கதை. இங்கே வயதை மட்டும் எடுத்துக்கொள்வோம்.)

ஆக, காரணி என்பது 'இந்த வயதில் இவ்வளவு மெதுவாவது இயல்பு' என்ற ஒரு மதிப்பீடு. எது இயல்பு என்பதில்தான் விஷயமே இருக்கிறது.

எஞ்சினின் அளவும் அதில் எவ்வளவு ஓட்ட முடிகிறது என்பதும்

நீண்டதூர விளையாட்டில் ஒருவரின் வேகத்தை நிர்ணயிக்கும் உடல் காரணிகளாக மூன்றைச் சொல்வது வழக்கம். அண்மையில் நான்காவது ஒன்றும் சேர்ந்திருக்கிறது.

1. விஓ2 மேக்ஸ். உடல் ஒரு நிமிடத்தில் அதிகபட்சம் எவ்வளவு ஆக்சிஜனைப் பயன்படுத்த முடியும் என்ற அளவு. எஞ்சினின் சிசி மாதிரி. முப்பது வயதுக்குப் பிறகு, உட்கார்ந்தே இருப்பவர்களுக்கு இது பத்தாண்டுக்குச் சுமார் 10 சதவீதம் குறைகிறது. கடுமையான பயிற்சியைத் தொடர்பவர்களுக்கு அந்தச் சரிவு ஏறக்குறைய பாதியாகிறது. குறைவதற்கு முக்கியக் காரணம் அதிகபட்ச இதயத் துடிப்பு இறங்குவது. 208-இலிருந்து வயதில் 0.7 மடங்கைக் கழித்தால் வருவது அதன் சராசரி மதிப்பு: 30 வயதில் 187, 60 வயதில் 166. எந்தப் பயிற்சியாலும் இந்த இறக்கத்தை நிறுத்த முடியாது.

2. லாக்டேட் எல்லை. அந்த எஞ்சினில் எத்தனை சதவீதத்தைச் சோர்வில்லாமல் நீண்ட நேரம் ஓட்டலாம் என்பது. இது பயிற்சிக்கு நன்றாக வளைந்து கொடுக்கும். வயதாவதால் இந்த விகிதம் பெரிதாகக் குறைவதில்லை.

3. சிக்கனம். ஒரே வேகத்துக்கு எவ்வளவு ஆக்சிஜன் செலவாகிறது என்பது. மைலேஜ் என்றால் நமக்குச் சட்டென்று புரியும். பல ஆண்டுகளாக ஓடிய கால்களில் இது வயதானாலும் பெரும்பாலும் தங்கிவிடுகிறது.

4. தாக்குப்பிடிப்பு. மேலே சொன்ன மூன்றையும் ஆய்வகத்தில் அளக்கும்போது ஆள் புத்துணர்ச்சியோடு இருக்கிறார். ஏழு மணி நேரம் உழைத்த பிறகு அதே ஆளை அளந்தால் எண்கள் சரிந்திருக்கும். சிலருக்குக் கொஞ்சம், சிலருக்கு நிறைய. இந்தச் சரிவு எவ்வளவு குறைவோ அவ்வளவு நல்லது.

இப்போது ஒரு கணக்கு. 25 வயது இளைஞர் ஒருவரின் விஓ2 மேக்ஸ் 55 (ஒரு கிலோ உடல் எடைக்கு நிமிடத்துக்கு இத்தனை மில்லிலிட்டர் ஆக்சிஜன்) என்று வைத்துக்கொள்வோம். பயிற்சிக்கு வந்து ஓராண்டுதான் ஆகிறது. பத்துப் பன்னிரண்டு மணி நேரம் அதில் 60 சதவீதத்தைத்தான் தாங்க முடிகிறது என்றால் கையில் இருப்பது 33. இன்னொருவருக்கு 48 வயது, விஓ2 மேக்ஸ் 48. பன்னிரண்டு ஆண்டுகளாகப் பயிற்சி செய்பவர், 72 சதவீதத்தைத் தாங்குகிறார். அவருக்குக் கிடைப்பது 34.6. சிறிய எஞ்சின்காரர் முந்திவிட்டார். எண்கள் என்னுடையவை என்றாலும் நடப்பது இதுதான். போட்டி எவ்வளவு நீளமோ அவ்வளவுக்கு முதல் எண்ணின் மதிப்பு குறைந்து, இரண்டாவதும் நான்காவதும் மேலே வருகின்றன. நூறு மீட்டர் ஓட்டத்தில் 48 வயதுக்காரருக்கு இந்த வாய்ப்பே கிடையாது.

தொழில்முறை வீரர்களிடமும் இதன் சாயலைப் பார்க்கலாம். 2024-இல் கோனாவில் 7 மணி 35 நிமிடம் 53 விநாடியில் சாதனை படைத்தபோது பாட்ரிக் லாங்கேவுக்கு வயது 38. 2011-இல் வென்ற கிரெய்க் அலெக்சாண்டர், 2019-இல் வென்ற யான் ஃப்ரோடெனோ, 2005-இல் பெண்கள் பிரிவில் வென்ற நடாஷா பாட்மன் எல்லாரும் 38 வயதில்தான் வென்றார்கள். 2023-இல் பிரான்சின் நீஸ் நகரில் 24 வயதிலேயே உலகச் சாம்பியன் ஆன சாம் லெய்ட்லோ போன்றவர்களும் இருக்கிறார்கள்தான். ஆனால் ஒரு விளையாட்டின் உச்சம் 24-க்கும் 38-க்கும் இடையே இவ்வளவு அகலமாக விரிந்திருப்பது அரிது.

அமெச்சூர்களிடம் அந்த அகலம் இன்னும் கூடும். காரணம், அவர்களில் பலர் விளையாட்டைத் தொடங்குவதே முப்பதுக்கு மேல்தான். 35 வயதில் தொடங்கியவர் 45 வரை முன்னேறிக்கொண்டே போகலாம். வயது எடுத்துக்கொள்வதை விடப் பயிற்சி கொடுப்பது அதிகமாக இருக்கும் காலம் அது. ஒருவரின் பிறந்த ஆண்டை மட்டும் கேட்டால் அரைத் தகவல்தான் கிடைக்கும். எந்த ஆண்டு பயிற்சி தொடங்கினார் என்பதையும் சேர்த்துக் கேட்க வேண்டும்.

மூன்று விளையாட்டு, மூன்று விதமான முதுமை

12 மணி நேரத்தில் முடிக்கும் ஒருவரின் நாள் ஏறக்குறைய இப்படிப் பிரியும்: நீச்சல் 1 மணி 15 நிமிடம், சைக்கிள் 6 மணி, ஓட்டம் நாலரை மணி, மாற்றங்களுக்குக் கால் மணி. நீச்சல் பத்தில் ஒரு பங்கு, சைக்கிள் பாதி. ஓட்டம் பாதிக்குக் குறைவு என்றாலும், ஆள் நிலைகுலைவது பெரும்பாலும் அங்கேதான்.

வயதின் தாக்கமும் மூன்றிலும் ஒன்றுபோல இல்லை. கோனா முடிவுகளை வைத்துப் பிரெஞ்சு ஆய்வாளர் ரொமுவால்ட் லெபெர்ஸ் குழுவினர் செய்த ஆய்வுகளில், வயதோடு வரும் சரிவு சைக்கிளில் குறைவாகவும் ஓட்டத்தில் அதிகமாகவும் இருந்தது. இதற்கு உடலியல் காரணம் உண்டு. அதோடு இயற்பியல் காரணம் ஒன்றும் உண்டு, அதைப் பலர் கவனிப்பதில்லை.

சமதளத்தில் சைக்கிளோட்டியின் உழைப்பில் பெரும்பகுதி காற்றைத் தள்ளுவதற்கே போகிறது. அதற்குத் தேவைப்படும் சக்தி வேகத்தின் மும்மடிப் பெருக்கத்துக்கு ஏற்ப ஏறும். மணிக்கு 30 கிலோமீட்டரிலிருந்து 33-க்குப் போக, காற்றுக்கு மட்டும் 33 சதவீதம் கூடுதல் சக்தி வேண்டும். இதைத் திருப்பிப் போட்டுப் பாருங்கள். வயதாகி ஒருவரின் சக்தி 10 சதவீதம் குறைந்தால் வேகம் மூன்றரை சதவீதம் அளவுக்குத்தான் குறையும். ஓட்டத்தில் இந்தச் சலுகை இல்லை. அங்கே ஆற்றல் செலவு ஏறக்குறைய வேகத்துக்கு நேர்விகிதம். 10 சதவீதம் சக்தி போனால் வேகமும் கிட்டத்தட்ட 10 சதவீதம் போகும். ஒரே உடல், ஒரே இழப்பு, ஆனால் கடிகாரத்தில் மூன்று மடங்கு வித்தியாசம்.

உடலியல் காரணத்துக்கு வருவோம். சைக்கிளில் எடையை இருக்கை தாங்குகிறது. ஓட்டத்தில் ஒவ்வோர் அடியிலும் உடல் எடையைப் போல இரண்டு மூன்று மடங்கு விசை காலில் இறங்குகிறது. வயதானால் தசைநாண்களின் மீள்விசை குறைகிறது, காலடியின் நீளம் சுருங்குகிறது, கெண்டைக்கால் தசைதான் முதலில் மக்கர் செய்கிறது. கால் பிடித்துக்கொண்டால் மூன்று வாரப் பயிற்சி போய்விடும். முப்பது வயதில் ஒரு வாரத்தில் ஆறுவது ஐம்பத்தைந்தில் ஒரு மாதம் இழுக்கும்.

சைக்கிளில் இன்னொரு விஷயம் பணம். காற்றைக் கிழிக்கும் கைப்பிடி, கார்பன் சக்கரம், மிதிக்கும் சக்தியை அளக்கும் பவர் மீட்டர், சைக்கிளில் உட்காரும் நிலையைச் சரிசெய்து தரும் பைக் ஃபிட் எல்லாமே காசு கொடுத்து வாங்கக்கூடிய நிமிடங்கள். நாற்பதுகளில் இருப்பவரிடம் அதற்கான சம்பளம் இருக்கிறது. அயர்ன்மேன் போட்டிகளில் ஆள் அதிகம் இருப்பதும் 40-களில்தான். 22 வயது மாணவர் கடன் வாங்கிய சைக்கிளில் வந்து நாற்பத்தைந்து வயது மேலாளரிடம் தோற்றால் அதை வயதின் வெற்றி என்று எழுதிவிடக் கூடாது.

நீச்சலில் கதை வேறு. தண்ணீரின் எதிர்ப்பும் மும்மடிக் கணக்குதான், ஆனால் அங்கே நுட்பம் எல்லாவற்றையும் விழுங்கிவிடும். எட்டு வயதில் கற்றுக்கொண்டவரும் முப்பத்தெட்டில் கற்றுக்கொண்டவரும் ஒரே உழைப்பைக் கொடுத்தாலும் முன்னவர் பல நிமிடங்கள் முன்னால் போய்விடுவார். நம் ஊரில் கிணற்றிலும் கண்மாயிலும் நீந்தியவர்கள் பயமில்லாமல் இறங்குவார்கள், சரி. ஆனால் தலையைத் தூக்கியபடியே நீந்தும் பழக்கத்தில் இடுப்பு தாழ்ந்து, உடல் தண்ணீரில் சாய்வாகக் கிடந்து, எதிர்ப்பு கூடிவிடும். குளிர்ந்த நீரில் நடக்கும் போட்டிகளில் வெட்சூட் என்ற ரப்பர் நீச்சலுடை அணிந்தால் அது உடலை மிதக்க வைத்து இந்தக் குறையைப் பாதி மறைத்துவிடும். தண்ணீர் 24.5 டிகிரியைத் தாண்டினால் ஏஜ்-குரூப்பர்களுக்கு அந்தத் துணை கிடையாது. கோனாவும் கோவாவும் அப்படித்தான். தோள் இறுக்கம் வயதோடு கூடும் என்பதால் தாமதமாக நீச்சல் கற்றவர்களுக்கு இரட்டை இழப்பு.

வாரத்துக்கு எத்தனை மணி நேரம்?

புதிதாக வருபவர்கள் முதலில் கேட்பது இதைத்தான். முழு அயர்ன்மேனுக்குத் தயாராகும் அமெச்சூர்கள் பெரும்பாலும் வாரத்துக்கு 8 முதல் 15 மணி நேரம் ஒதுக்குகிறார்கள். ஆனால் மணி நேரத்தை மட்டும் வைத்து முடிவு நேரத்தைக் கணிக்க முடிவதில்லை. சுவிட்சர்லாந்தின் பேட் க்னெக்ட்லே குழுவினர் பல ஆண்டுகளாக அமெச்சூர் வீரர்களை அளந்து பார்த்தார்கள். அயர்ன்மேன் நேரத்தை நன்றாகக் காட்டிக்கொடுத்தவை இரண்டு: அவர்களுடைய சிறந்த மாரத்தான் நேரம், இதை விடக் குறுகிய ஒலிம்பிக் தூர டிரையத்லானில் அவர்களுடைய சிறந்த நேரம். உடல் கொழுப்பின் அளவுக்கும் தொடர்பு இருந்தது.

என் பார்வையில் வயதுச் சரிவு என்று நாம் சொல்வதில் ஒரு பெரிய பங்கு இங்கே ஒளிந்திருக்கிறது. ஐம்பதைத் தாண்டியவர்கள் பலர் கடின வேகப் பயிற்சியை மெல்லக் கைவிடுகிறார்கள். முழங்கால் வலிக்கிறது, அடுத்த நாள் அலுவலகத்தில் உட்கார முடியவில்லை, 'எதுக்கு வம்பு' என்று நீளமான மெதுவான பயிற்சிக்கே மாறிவிடுகிறார்கள். விஓ2 மேக்ஸைத் தாங்கிப் பிடிப்பது அந்தக் கடின நிமிடங்கள்தான். அவை போனதும் பத்தாண்டுக்கு 5 சதவீதமாக இருந்த சரிவு 10-ஐ நோக்கி நகர்கிறது. பிறகு அதை வயது என்று எழுதுகிறோம். வயதுக் காரணியின் அட்டவணையிலும் இந்தக் கலப்படம் இருக்கத்தான் செய்யும், ஏனென்றால் அது உடலை அளந்து வந்த எண் இல்லை, மனிதர்களின் முடிவு நேரங்களிலிருந்து வந்த எண்.

ஐம்பதுக்கு மேல் மாற்ற வேண்டியது பயிற்சியின் கடினத்தை விட அதன் இடைவெளியை. வாரத்தில் மூன்று கடின நாள் இருந்தவர் இரண்டாக்கிக்கொள்ளலாம். ஏழு நாள் சுழற்சியைப் பத்து நாளாக நீட்டலாம். எடைப் பயிற்சியைச் சேர்த்தே ஆக வேண்டும், ஏனென்றால் வயதோடு முதலில் கரைவது வேகமாகச் சுருங்கும் இரண்டாம் வகைத் தசை இழைகள். நீண்ட ஓட்டத்துக்கு மெதுவான முதல் வகைதான் முக்கியம் என்றாலும், மேடு ஏறவும் களைத்த காலைத் தூக்கிப் போடவும் அந்த இரண்டாம் வகை தேவைப்படும்.

உணவிலும் ஒரு மாற்றம் உண்டு. தசையைப் பழுதுபார்க்க இளைஞருக்கு ஒரு வேளைக்கு உடல் எடையில் கிலோவுக்குக் கால் கிராம் புரதம் போதும் என்றால், மூத்தவருக்கு 0.4 கிராம் வேண்டியிருக்கிறது. 65 கிலோ எடையுள்ளவருக்கு அது 26 கிராம். நாலு இட்லியில் எட்டு கிராம் தேறினாலே அதிகம்.

வயிறும் வெயிலும்

அயர்ன்மேனை நான்காவது விளையாட்டு ஒன்றும் உள்ள போட்டி என்பார்கள். அது சாப்பிடுவது. கணக்கைப் பார்த்தால் ஏன் என்று புரியும். மணிக்கு 700 கலோரி செலவழித்து 11 மணி நேரம் ஓடினால் மொத்தம் 7,700 கலோரி. தசையிலும் கல்லீரலிலும் கிளைகோஜனாக (உடலின் மாவுச்சத்துக் கையிருப்பு) சேமித்திருப்பது சுமார் 2,000. மணிக்கு 70 கிராம் மாவுச்சத்து உள்ளே போனால் 280 கலோரி வீதம் 3,000 சொச்சம் கிடைக்கும். மீதியைக் கொழுப்புதான் கொடுக்க வேண்டும். கொழுப்பு ஒல்லியான ஆளிடமும் பல்லாயிரம் கலோரிக்கு இருக்கிறது, ஆனால் அதை வேகமாக எரிக்க முடியாது. ஆரம்பத்தில் வேகம் கூடினால் கிளைகோஜன் விரைவாகத் தீரும், அதைக் கடைசி 15 கிலோமீட்டர் சொல்லிக்கொடுக்கும்.

இதில் வயதுக்கு ஒரு சாதகமும் சில பாதகங்களும் உண்டு. சாதகம் நிதானம். பலமுறை ஓடியவருக்குச் சைக்கிளில் எங்கே அடக்கி வாசிக்க வேண்டும் என்று தெரியும். முதல்முறை வரும் இளைஞர்கள் சைக்கிளில் பறந்துவிட்டு, ஓட்டத்தில் நடப்பார்கள்.

பாதகங்கள் வெப்பத்தில் தெரிகின்றன. வயதானால் வியர்வை சுரப்பது குறைகிறது, தோலுக்குப் போகும் ரத்த ஓட்டம் குறைகிறது, தாக உணர்வும் மந்தமாகிறது. கோனாவில் எரிமலைப் பாறைகளுக்கு நடுவே நிழலில்லாத நெடுஞ்சாலையில் ஓட வேண்டும். கோவாவிலும், 2018-இல் அயர்ன்மேன் 70.3 நடந்த கொழும்பிலும் ஈரப்பதம் அதிகம். வியர்வை ஆவியாகாமல் சொட்டிப்போனால் உடல் குளிராது. நம்மவர்கள் வெயிலுக்குப் பழகியவர்கள் என்பது ஓரளவு உண்மைதான். ஆனால் ஏசி அறையில் வேலை பார்த்து, காலை ஐந்து மணிக்கே பயிற்சியை முடிப்பவரின் உடல் மதிய வெயிலுக்குப் பழகியிருக்காது. அதற்குப் பத்து முதல் பதினான்கு நாள் வெயிலில் பயிற்சி வேண்டும்.

தாகம் மந்தமாகிறது என்பதற்காக லிட்டர் கணக்கில் குடிப்பதும் ஆபத்து. மெதுவாக ஓடி வழியில் வரும் ஒவ்வொரு தண்ணீர் நிலையத்திலும் வயிறு முட்டக் குடிப்பவர்களுக்கு ரத்தத்தில் சோடியம் தாழ்ந்து மயக்கம், வலிப்பு வரை போகலாம். மூட்டு வலிக்கு ஐபுப்ரோஃபென் போட்டுக்கொண்டு ஓடும் பழக்கம் மூத்தவர்களிடம் அதிகம். அது சிறுநீரகத்தின் வேலையைக் கெடுத்து இந்த ஆபத்தைக் கூட்டும்.

பெண்களுக்கு நாற்பதுகளின் பிற்பகுதியிலும் ஐம்பதுகளின் தொடக்கத்திலும் மாதவிடாய் நிற்கும் காலம் தனிக் காரணி. ஈஸ்ட்ரோஜன் குறைவதால் எலும்பின் அடர்த்தி குறைகிறது, தூக்கம் கெடுகிறது, உடல் வெப்பத்தைக் கையாள்வதும் மாறுகிறது. இது ஐந்தாண்டு வயதுப் பிரிவுகளுக்குள் சீராக விழும் சரிவு இல்லை. ஒருவருக்கு 44-இல் வருவது இன்னொருவருக்கு 53-இல் வரும். வயதுக் காரணி இதைச் சராசரியாக்கித்தான் பார்க்கும்.

முடிவுப் பட்டியலைப் படிக்கும்போது

வயதுவாரியான நேரங்களைப் பார்த்து 'இத்தனை வயதில் இத்தனை சதவீதம் சரிவு' என்று சொல்லும்முன் மூன்று விஷயங்களை நினைவில் வைக்க வேண்டும்.

1. பட்டியலில் இருக்கும் 70 வயதுக்காரர்கள் சாதாரண 70 வயதுக்காரர்கள் இல்லை. மூட்டு தேய்ந்தவர், இதய நோய் வந்தவர், அலுத்துப்போனவர் எல்லாம் ஏற்கெனவே வெளியேறிவிட்டார்கள். எஞ்சியவர்களின் சராசரி, சரிவைக் குறைத்துக் காட்டும்.

2. எதிர்ப்பக்கமும் இருக்கிறது. இன்றைய 70 வயதுக்காரர் இளமையில் இந்த விளையாட்டைப் பார்த்திருக்கவே மாட்டார். இன்றைய 30 வயதுக்காரர் பவர் மீட்டரோடு வளர்ந்தவர். இருவரையும் ஒரே ஆண்டில் ஒப்பிட்டால் வயதோடு தலைமுறை வித்தியாசமும் சேர்ந்துவிடும். கோனாவில் 1980-களிலிருந்து கால் நூற்றாண்டு முடிவுகளைப் பார்த்தபோது 44 வயதுக்கு மேற்பட்ட ஆண்களும் 40 வயதுக்கு மேற்பட்ட பெண்களும் தலைமுறைக்குத் தலைமுறை வேகமாகிக்கொண்டே வந்தது தெரிந்தது. மனித உடல் இருபத்தைந்து ஆண்டில் மாறிவிடவில்லை. விளையாடுபவர்களின் எண்ணிக்கையும் பயிற்சியும் மாறின.

3. வயது ஏற ஏறப் பிரிவில் ஆள் குறைகிறது. 40-44 பிரிவின் முதல் 20 சதவீதம் என்பது பெரிய கூட்டம். 75-79 பிரிவில் அது ஓரிருவர். ஓர் அபூர்வ மனிதர் வந்தாலே அந்தப் பிரிவின் காரணி ஆடிவிடும்.

இதனால் புதிய விதி தவறு என்று சொல்ல வரவில்லை. பழைய விகிதாசார முறையில், பலமில்லாத பிரிவிலிருந்து எளிதாகவும் பலமான பிரிவிலிருந்து கடினமாகவும் இடம் கிடைத்தது. அதை விட இது மேல். ஆனால் அந்தப் பெருக்கல் எண் அவ்வப்போது திருத்தப்பட வேண்டிய ஒன்று.

கெடுவுக்கு வயது தெரியாது

ஓர் எச்சரிக்கையை விட்டுவிட முடியாது. அமெரிக்காவில் 1985 முதல் 2016 வரை டிரையத்லான் போட்டிகளில் நேர்ந்த இறப்புகளையும் இதயத் திடீர் நிறுத்தங்களையும் தொகுத்த ஆய்வில் 135 பேர் இருந்தார்கள். பெரும்பாலானவை நீச்சலின்போது நேர்ந்தவை. ஒட்டுமொத்த விகிதம் லட்சம் பங்கேற்பாளர்களுக்கு 1.74. அறுபது வயதைத் தாண்டிய ஆண்களிடம் அது 18.6. நாற்பதைத் தாண்டிய ஆண்கள் பதிவுக் கட்டணம் கட்டும் முன் இதயப் பரிசோதனைக்கு ஒரு நாள் ஒதுக்குவது நல்லது. பிடிவாதக்காரர்கள்தான் இந்த விளையாட்டுக்கு வருகிறார்கள் என்பதால் இதைக் கொஞ்சம் அழுத்தியே சொல்ல வேண்டியிருக்கிறது.

வயதுக் காரணி கோனா இடத்துக்கு மட்டும்தான். கெடு எல்லாருக்கும் ஒன்று. 25 வயதுக்கும் 85 வயதுக்கும் அதே 17 மணி நேரம். எழுபதைத் தாண்டியவர்களுக்கு உண்மையான எதிராளி அந்தக் கடிகாரம்தான். ஓட்டத்தில் சரிவு அதிகம் என்பதால், நடந்தே முடித்தாலும் போதும் என்கிற அளவுக்கு நீச்சலிலும் சைக்கிளிலும் நேரத்தைச் சேமிப்பது அவர்கள் உத்தி. 'அயர்ன் நன்' என்று அழைக்கப்பட்ட கன்னியாஸ்திரி மடோனா பூடர் 2012-இல் 82 வயதில் கனடா அயர்ன்மேனை முடித்தார். அவர் முதல் அயர்ன்மேனை ஓடியதே ஐம்பதுகளின் நடுவில். ஜப்பானின் ஹிரோமு இனாடா டிரையத்லானுக்கு வந்தது எழுபது வயதை ஒட்டி. 2015-இல் கோனாவில் முடிவுக் கோட்டுக்குச் சில அடிகள் முன்னால் விழுந்து எழுந்து, சில விநாடிகளில் கெடுவைத் தவறவிட்டார். 2018-இல் 85 வயதில் மறுபடி வந்து முடித்தார். நேரம் 16 மணி 53 நிமிடம் 49 விநாடி.